பிரெஞ்சு தெரிந்த சர்வ்லெட்

திரையில் மேல்வரி பிரெஞ்சில் இருந்தது. Décès என்ற தலைப்பு. மரணம் என்று பொருள். அதன் கீழே, சோதனைக்காகப் போட்ட பழைய செய்தி: காலமான ஒரு பெரியவரின் பெயர், அவர் இருந்த தெரு, அடக்கம் நடக்கும் நேரம். எழுத்துகளின் தலையில் சாய்த்து வைக்கிற குச்சிகள்கூட ஒன்று தவறாமல் வந்திருந்தன.

அடுத்து திறந்த தமிழ்ப் பக்கத்தில் இதே செய்தி தமிழில் வர வேண்டும். வந்திருந்தது இப்படி:

?????? ???? ????????

முசே தணிகாசலம் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, மூக்கு திரையில் படுகிற அளவுக்குக் குனிந்து பார்த்தார். முசே என்றால் பிரெஞ்சில் ஐயா. அவர் பக்கத்தில் நின்றால் எப்போதும் யூடிகோலோன் வாசனை வரும்.

"என்னா பாப்பா, செத்தவர் யாருன்னு நம்மளையே கேக்குது?" என்றார்.

எங்கள் முதலாளி பாலு சார் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"பிரெஞ்சு மட்டும் ஜோரா வருது பாருங்க," என்றார் முசே, பெருமையும் கிண்டலுமாக. "பிரெஞ்சுக்காரன் கப்பலேறிப் போயி எத்தன வருஷம் ஆச்சு! இன்னும் இந்தப் பொட்டிக்குள்ள உக்காந்துருக்கான்."

ஒயின் ஷாப்புக்கு மேலே

இந்தத் தொடரில் என் கதையைக் கல்லூரி முடித்ததோடு போன வாரம் நிறுத்தியிருந்தேன். "வேலை கிடைத்ததா, அதைச் சொல்லவில்லையே" என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார். கிடைத்தது. ஆனால் நான் படித்த வேலை இல்லை.

காரைக்கால் பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கிற தூரத்தில் ஒரு கட்டடத்தின் மாடியில் பாலு சாரின் கம்பெனி இருந்தது. கீழே ஒயின் ஷாப். சனிக்கிழமையானால் நாகப்பட்டினம் பக்கத்திலிருந்து வருகிறவர்களின் மோட்டார் சைக்கிள்கள் படிக்கட்டு வரை நிற்கும். அவற்றுக்கு நடுவில் புடவைத் தலைப்பை இழுத்துச் சொருகிக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் ஏறிப் போவேன்.

கிளிஞ்சல்மேடு என்ற மீனவக் குப்பத்தில் எங்கள் வீட்டிலிருந்து கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். கல்லூரி என்ன, ஐந்தாம் வகுப்பைத் தாண்டியதே நான்தான். கம்ப்யூட்டர் சயின்ஸ் பட்டம். இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்கு எந்தக் கூச்சமும் இல்லை. அப்பாவுக்கு அறவே இல்லை. மீன் ஏலம் நடக்கிற இடத்தில் விலை கேட்கிறவர்களிடமெல்லாம் அவர் அதைத்தான் முதலில் சொல்வார்.

ஆனாலும் பாலு சார் என்னைச் சேர்த்துக்கொண்டது தமிழ் தட்டச்சுக்கு.

அப்போது அவர் கையில் இருந்த பெரிய வேலை முசே தணிகாசலம் செயலாளராக இருந்த சங்கத்தின் இணையதளம். பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பங்களின் சங்கம் அது. பிரெஞ்சுப் படையில் இருந்துவிட்டு ஊர் திரும்பியவர்களை எங்கள் பக்கத்தில் சொல்தா என்போம். பாதிக் குடும்பம் இங்கே, மீதி பாரிஸிலும் ரெயூனியன் தீவிலும். இங்கே ஒரு கல்யாணம், சாவு, கூட்டம் என்றால் அங்கே இருக்கிறவர்கள் அன்றைக்கே பார்க்க வேண்டும். பிரெஞ்சில் பாதி, தமிழில் பாதி. தமிழ்ப் பாதியைத் தட்டச்சு செய்வதற்குத்தான் நான்.

நிரலை எழுதிக்கொண்டிருந்தவர் ரமேஷ் அண்ணன். பெங்களூரில் வேலை கிடைத்ததும் ஒரு திங்கட்கிழமை வரவில்லை. அவர் நாற்காலி காலியாக இருந்தது. அவர் வேலை பாதியில் நின்றது.

வெற்றிடம் விட்ட அழைப்பிதழ்

என்ன வேலை அது என்று சொல்லிவிடுகிறேன். புரியாத பேச்சு இல்லை.

அச்சகத்தில் நிறைய அழைப்பிதழ்களை ஒரே மாதிரி அடித்து, "திரு ........ அவர்களுக்கு" என்று வெற்றிடம் விட்டு வைப்பார்கள் அல்லவா? இணையப் பக்கத்தையும் அப்படித்தான் செய்யலாம். பக்கத்தின் அமைப்பு ஒரு கோப்பில் இருக்கும். பெயர், ஊர், நேரம் வர வேண்டிய இடங்களில் வெற்றிடம். அது டெம்ப்ளேட். யாராவது பக்கத்தைக் கேட்கும்போது அந்த டெம்ப்ளேட்டை எடுத்து, தரவுத்தளத்திலிருந்து வரும் செய்தியை வெற்றிடத்தில் நிரப்பிக் கொடுக்கிற ஆள் ஒன்று ஜாவாவில் உண்டு. சர்வர் உள்ளே காத்துக்கொண்டே நிற்கும். அதற்குப் பெயர் சர்வ்லெட்.

அந்த ஆளை வேலைக்கு வைக்கும்போது நான்கைந்து விஷயம் சொல்லி வைக்க வேண்டும். எந்தப் பக்கங்கள் உன் பொறுப்பு, டெம்ப்ளேட்டுகள் எந்த அறையில் இருக்கின்றன, எந்த எழுத்துமுறையில் படிக்க வேண்டும், எதில் எழுத வேண்டும். சொல்லாவிட்டால் அது தனக்குத் தெரிந்த வழக்கத்தில் செய்யும். அந்த வழக்கம் மேற்கு ஐரோப்பிய எழுத்துமுறை. அதில் பிரெஞ்சின் குச்சியும் தொப்பியும் வைத்த எழுத்துகள் எல்லாம் உண்டு. தமிழில் ஒரு எழுத்துகூடக் கிடையாது. தெரியாத எழுத்து வந்தால் அது ஒரு கேள்விக்குறியைப் போட்டுவிட்டுப் போய்விடும்.

முசே வேடிக்கையாகச் சொன்னது பொய் இல்லை. அந்தப் பெட்டிக்கு உண்மையிலேயே பிரெஞ்சு தெரிந்திருந்தது.

ஆனால் இதெல்லாம் அன்றைக்கு எனக்குத் தெரியாது.

படமா, எழுத்தா

முசே படியிறங்கிப் போனதும் பாலு சார் சொன்னார்: "ஏம்மா வசந்தி, எதுக்கு இந்தப் பாடு? தமிழ நீ டைப் பண்ணு, அப்படியே படமாக்கி ஒட்டிடு. ஊர்ல எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க."

உண்மைதான். அப்போது நிறைய இடங்களில் தமிழ் படமாகத்தான் இருந்தது.

"படமாப் போட்டா தேட முடியாது சார்."

"யாரு தேடப் போறா?"

"பாரிஸ்ல இருக்கறவங்க சார். ஒருத்தர் பேரத் தட்டித் தேடினா படத்துக்குள்ள இருக்கறது எப்படி வரும்?"

"அதுக்கு என்னாங்கற?"

"நான் சரி பண்றேன். ரமேஷ் அண்ணன் சீட்ட எனக்குக் குடுங்க."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். கெட்டவர் இல்லை. ஆனால் மீனவக் குப்பத்திலிருந்து வருகிற பெண், தமிழ் நன்றாகத் தட்டுகிறாள் என்பதோடு என்னைப் பற்றிய அவர் கணக்கு முடிந்திருந்தது.

"பாண்டியிலேர்ந்து ஒரு தம்பி வர்றேன்னு சொல்லிருக்கான். திங்கக்கிழம வரச் சொல்லலாம்னு இருந்தேன். சரி, சனிக்கிழம வரைக்கும் நீ பாரு. அன்னிக்கு முசே வர்றாரு. தமிழ் எழுத்தா வந்துட்டுன்னா சீட்டு ஒனக்கு. வரலன்னா தம்பி வருவான், நீ படம் பண்ணு. அப்பறம் மூஞ்சத் தூக்கி வச்சுக்கக் கூடாது."

வேலை போகாது என்பது எனக்கும் தெரியும். பாண்டி ஆள் வந்தாலும் படம் ஒட்டுவதற்கு நான் வேண்டும். எத்தனை பேர் செத்தாலும் எத்தனை பேருக்குக் கல்யாணமானாலும் நான் படம் ஒட்டிக்கொண்டே அந்த ஓர மேஜையில் இருக்கலாம். எனக்கு அந்த மேஜை வேண்டாம் என்று இருந்தது.

கடலரிசி

படம் என்ற சொல் எனக்கு ஏன் சுருக்கென்று தைத்தது என்பதற்கு ஒரு பழைய கதை இருக்கிறது.

நான் சின்ன வகுப்பில் இருந்தபோது அப்பா ஒரு படகு வாங்கினார். டவுனிலிருந்து ஒரு பெயின்டரை அழைத்து வந்து இரண்டு பக்கமும் பெயர் எழுதச் சொன்னார். கடலரசி என்று. பெயின்டர் சிவப்பில் எழுதி மஞ்சளில் நிழல் கொடுத்தார். அம்மா கற்பூரம் காட்டினாள். பெயரைப் பார்த்துப் பார்த்து அப்பாவுக்கு நிறைவு.

கரையில் சில பேர் அவரை "என்னா அரிசி, வெந்துட்டா?" என்று கேட்பார்கள். தன் சாப்பாட்டைத்தான் சொல்கிறார்கள் என்று நினைத்து அவரும் சிரித்துவிட்டு வருவார்.

எனக்கு எழுத்துக் கூட்ட வந்ததும் ஒரு நாள் படகின் முன்னால் நின்று சத்தமாகப் படித்தேன். க, ட, ல, ரி, சி.

"ஏ புள்ள, ஒழுங்காப் படி," என்றார் அப்பா. "அரசி."

"அரிசின்னுதாம்ப்பா இருக்கு."

"வாத்தியாரு ஒனக்குத் தப்பா சொல்லிக் குடுத்துருக்காரு."

அம்மா கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். "பணம் கட்டியா படிக்குது அது? ஓசிப் பள்ளிக்கூடம். அப்படித்தான் இருக்கும்," என்றாள்.

அப்பா டீக்கடைக்காரரை அழைத்து வந்தார். அவர் படகைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார், வாயைப் பொத்திக்கொண்டார். கரை முழுக்கத் தெரிந்த விஷயம் எங்கள் வீட்டுக்கு மட்டும் தெரியாமல் இருந்திருக்கிறது. அன்று மாலையே அப்பா கத்தியால் ரி-யின் மேலிருந்த கொக்கியைச் சுரண்டி எடுத்தார். மறுநாள் தலைமையாசிரியரிடம் போய், "இது எது வரைக்கும் படிக்குமோ அது வரைக்கும் படிக்கட்டும்ங்க," என்று சொல்லிவிட்டு வந்தார்.

எங்கள் வீட்டில் எழுத்து அதுவரை படமாகத்தான் இருந்தது. அம்மா பஸ்ஸை நிறத்தை வைத்து ஏறுவாள். மாத்திரையை அட்டையின் வண்ணத்தை வைத்து விழுங்குவாள். எழுத்தைப் பார்ப்பதற்கும் படிப்பதற்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்பதை நான் நடந்து பார்த்திருக்கிறேன். திரும்பவும் தமிழைப் படமாக ஆக்கு என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம்தான் வரும்.

யாரும் சொல்லாத முகவரி

முதல் இரண்டு நாள் வீணாகப் போனது.

சர்வ்லெட்டுக்கான அமைப்புகளை ஒரு தனிக் கோப்பில் எழுதி வைப்பது வழக்கம். ரமேஷ் அண்ணனும் அப்படி ஒரு கோப்பு வைத்திருந்தார். அதைத் திறந்து, output.encoding என்ற வரியில் ஐரோப்பிய எழுத்துமுறையை அடித்துவிட்டு UTF-8 என்று எழுதினேன். உலகத்து எழுத்தெல்லாம் அடங்கிய முறை அது. சர்வரை நிறுத்தி மறுபடி ஓட்டினேன். கேள்விக்குறி. எழுத்துப்பிழையோ என்று அழித்து எழுதினேன். கேள்விக்குறி. தரவுத்தளத்தைத் திறந்து பார்த்தேன். அங்கே தமிழ் அழகாக உட்கார்ந்திருந்தது. அங்கிருந்து திரைக்கு வரும் வழியில்தான் யாரோ பிடுங்கிக்கொள்கிறார்கள்.

மத்தியானம் கரண்ட் போனது. ஜன்னல் பக்கம் நாற்காலியைப் போட்டுக்கொண்டு டிபன் பாக்ஸைத் திறந்தேன். கீழே ஒயின் ஷாப்பில் ஒருவர் புதிதாக வந்த பையனிடம் சண்டை பிடித்துக்கொண்டிருந்தார். வழக்கமாக வாங்குகிறதை ஏன் கொடுக்கவில்லை என்று.

"எனக்கு யாருங்க சொன்னா? நான் நேத்துதான் வந்தேன்," என்றான் அவன்.

சோற்றில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தேன். சர்வ்லெட்டுக்கு யார் சொன்னது?

கரண்ட் வந்ததும் web.xml என்ற கோப்பைத் திறந்தேன். சர்வ்லெட்டை வேலைக்கு அமர்த்துவது அதில்தான். பெயர் இருந்தது. எந்தப் பக்கங்கள் அதன் பொறுப்பு என்று இருந்தது. அமைப்புக் கோப்பு எங்கே இருக்கிறது என்ற வரி இல்லவே இல்லை. ரமேஷ் அண்ணன் கோப்பை எழுதி வைத்தார், அது இருக்கும் இடத்தைச் சொல்ல மறந்துவிட்டார். பிரெஞ்சை மட்டும் சோதித்துப் பார்த்த அவருக்கு அது குறையாகவே தெரிந்திருக்காது. நான் மாற்றிய கோப்பை இரண்டு நாளாக யாரும் படிக்கவே இல்லை.

அந்த வரியைச் சேர்த்தேன். சர்வரை ஓட்டினேன்.

"அன்னாரது இறுதி ஊர்வலம்" என்று திரை சொன்னது. ஒரு மரணச் செய்தியைப் பார்த்து அவ்வளவு சந்தோஷப்பட்டது தப்புதான். என்ன செய்வது, பட்டேன்.

தலையில் குச்சி வைத்த அ

அந்த வேகத்தில் தலைப்புகளையும் தமிழில் போடலாம் என்று தமிழுக்கான டெம்ப்ளேட்டைத் திறந்து மரணம், திருமணம், கூட்டம் என்று தட்டிச் சேமித்தேன். மரணம் இப்படி வந்தது:

à®®à®°à®£à®®à¯

கீழே செய்தி நல்ல தமிழில் இருந்தது. மேலே தலைப்பு மட்டும் இந்தக் கோலம். வெள்ளிக்கிழமை அது. முசே வேறு ஏதோ வேலையாக பஜாருக்கு வந்தவர், "என்னா மத்மசேல், எது வரைக்கும் வந்துருக்கு?" என்று மாடி ஏறிவிட்டார். மத்மசேல் என்றால் செல்வி. திரையை மறைக்க நேரமில்லை.

அவர் குனிந்து பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"இதுவும் பிரெஞ்சுதாம்மா! தலைல குச்சி வச்ச அ. பிரெஞ்சுல அதுக்குப் பேரு அ அக்சான் கிராவ்." பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி விரல் வைத்துப் படித்தார். "அ... அ... அ... அ... அ. வாயத் தொறந்து ஆ காட்டச் சொல்ற டாக்டர்கிட்ட போன மாதிரி இருக்கு."

"இது பிரெஞ்சு இல்லீங்க முசே. மரணம்."

"மரணமா?" கன்னத்தில் போட்டுக்கொண்டார். "பாலு, இந்தப் பொண்ணுகிட்ட வேற தலைப்பச் சோதிக்கச் சொல்லுங்க."

அவர்கள் இருவரும் டீ குடிக்கப் போனார்கள். என் காதில் அந்த அ, அ, அ நின்றது. ஐந்து முறை சொன்னார். மரணம் என்பதில் ம, ர, ண, ம என்று நான்கு. அப்புறம் அந்தப் புள்ளி. கணினியில் புள்ளி தனி எழுத்து. ஆக ஐந்து.

ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் ஒரு குச்சி வைத்த அ, அதன் பின்னால் வேறு இரண்டு குறிகள், கடைசியில் மட்டும் ஒன்று கண்ணுக்குத் தெரியவில்லை. UTF-8 முறையில் ஒரு தமிழ் எழுத்து மூன்று துண்டாகத்தான் சேமிக்கப்படும் என்று கல்லூரியில் படித்திருந்தேன். அந்த மூன்று துண்டையும் இந்தச் சர்வ்லெட் மூன்று ஐரோப்பிய எழுத்தாகப் படித்துக்கொண்டிருக்கிறது. எழுதும்போது UTF-8-இல் எழுது என்று சொல்லிவிட்டேன். படிக்கும்போது எதில் படி என்று சொல்லவில்லை. தரவுத்தளத்துச் செய்தி ஜாவா வழியாக வருகிறது, அதனால் தப்பித்தது. டெம்ப்ளேட்டை அது தானே திறந்து படிக்கிறது.

input.encoding. இன்னொரு வரி. அவ்வளவுதான்.

அவர்கள் டீ குடித்துவிட்டு வருவதற்குள் மரணம் தமிழில் வந்துவிட்டது. ஆனால் நான் காட்டவில்லை. நாளைக்குத்தானே சோதனை, நாளைக்கே பார்க்கட்டும் என்று திரையை அணைத்துவிட்டேன். கொஞ்சம் திமிர்தான்.

சனிக்கிழமை

முசே வெள்ளை வேட்டியில் வந்தார். பாலு சார் எனக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். தமிழ்ப் பக்கத்தைத் திறந்தேன்.

முசே மெதுவாகப் படித்தார். பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர். தமிழை எழுத்தெழுத்தாகக் கூட்டித்தான் வாசிப்பார். காலமான பெரியவர் அவரோடு படையில் இருந்தவர் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. பெயர் வந்த இடத்தில் நின்று, இரண்டாம் முறையும் அதைப் படித்தார்.

"நல்லாருக்கும்மா," என்றார். "எங்க, பிரெஞ்சக் காட்டு."

திறந்தேன். Décès என்று இருக்க வேண்டிய இடத்தில் எழுத்துகளுக்கு நடுவே கறுப்புக் கட்டங்கள், ஒவ்வொன்றின் உள்ளேயும் ஒரு கேள்விக்குறி. குச்சி வைத்த எழுத்து ஒன்றுகூட மிச்சமில்லை.

"போச்சுடா," என்றார் முசே. "தமிழ் வந்துட்டு, பிரெஞ்சு கப்பலேறிட்டு."

"இதுக்குத்தாம்மா சொன்னேன்," என்றார் பாலு சார். செல்போனை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போனார். யாருக்கு என்று கேட்க வேண்டியதில்லை.

ஆனால் திரையைப் பார்த்த அந்த நொடியே எனக்குக் காரணம் தெரிந்துவிட்டது. ரமேஷ் அண்ணன் பிரெஞ்சு டெம்ப்ளேட்டுகளைப் பழைய ஐரோப்பிய முறையில் சேமித்திருக்கிறார். நான் எல்லாவற்றையும் UTF-8-இல் படி என்று சொல்லிவிட்டேன். நேற்று தமிழுக்கு நடந்தது இன்றைக்குப் பிரெஞ்சுக்கு நடக்கிறது.

"சார், போன வைங்க," என்றேன். அவரிடம் அப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை. "சர்வர்ல ஒண்ணும் தொட வேணாம். கோப்பத் திறந்து வேற முறைல சேமிக்கணும், அவ்ளோதான். முசே, நீங்க உக்காருங்க. இப்ப வந்துடும்."

முதல் கோப்பைத் திறந்தேன். சேமிக்கும் இடத்தில் UTF-8 என்று தேர்ந்தெடுத்தேன். பக்கத்தைப் புதுப்பித்தேன். Décès. குச்சிகள் இரண்டும் திரும்ப வந்து உட்கார்ந்துகொண்டன. அடுத்து தமிழ்ப் பக்கத்தைத் திறந்தேன். மரணம். அதுவும் அப்படியே இருந்தது. இரண்டையும் பக்கம் பக்கமாக வைத்தேன்.

முசே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஒன்றை மாற்றி ஒன்றைப் பார்த்தார். "ரெண்டும் ஒண்ணா நிக்குது," என்றார், எங்கள் யாரிடமும் இல்லாமல்.

ஜன்னல் பக்கம் பாலு சார் போனை வைக்கவில்லை, அதற்குள் மறுமுனையில் பாண்டித் தம்பி எடுத்திருந்தான். அவர் திரையை எட்டிப் பார்த்தார். பிறகு போனில் சொன்னார்:

"தம்பி, திங்கக்கிழம வர வேணாம்ப்பா. ... இல்ல இல்ல, வேல முடிஞ்சிட்டு. எங்க புரோகிராமரே முடிச்சிட்டாங்க."

முடிச்சிட்டாங்க.

நான் திரும்பிப் பார்க்கவில்லை. பிரெஞ்சுக் கோப்புகள் இன்னும் மீதி இருந்தன. அடுத்ததைத் திறந்தேன்.